1914 ஜூலை: கையெழுத்து போட்டவங்க ஒதுங்கினாங்க, போடாதவங்க போருக்குப் போனாங்க

முதல் உலகப்போர் ஏன் வந்துச்சுன்னு கேட்டா ஸ்கூல்ல படிச்ச எல்லார்கிட்டயும் ஒரு பதில் ரெடியா இருக்கும். ஐரோப்பா ரெண்டு கூட்டணியா பிரிஞ்சு நின்னுச்சு, ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி, இன்னொரு பக்கம் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன், சராயேவோல ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டாங்க, ஒப்பந்தப்படி ஒவ்வொருத்தரா உள்ள வந்துட்டாங்க. அஞ்சு மார்க் கேள்விக்கு இது போதும். ஆனா எந்த ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்துச்சு, யார் எந்தத் தேதில போருக்குப் போனாங்கன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா இந்தக் கதை நிக்கவே நிக்காது.

ரஷ்யாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவுல, உன்னைத் தாக்கினா நான் வரேன்னு ஒரு ஒப்பந்தமே கிடையாது. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவுலயும் கிடையாது. இந்த ரெண்டு இடத்துலதான் ஒரு மூலைச் சண்டை உலகச் சண்டையா மாறுச்சு. அந்தப் பக்கம் பாத்தா, முறையா கையெழுத்து போட்டு வச்சிருந்த இத்தாலியும் ருமேனியாவும் வரலைன்னு சொல்லி ஒதுங்கிட்டாங்க. இன்னும் ஒண்ணு, யாரோட தகராறுக்காக இதெல்லாம் ஆரம்பிச்சுதோ அந்த ஆஸ்திரியா ரஷ்யா மேல போர் அறிவிச்சது ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஆஸ்திரியாவைக் காப்பாத்தறேன்னு கிளம்பின ஜெர்மனி அதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே, ஆகஸ்ட் 1ஆம் தேதியே ரஷ்யா மேல போர் அறிவிச்சாச்சு.

அப்போ கூட்டணிக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு, நிறையவே இருக்கு. ஒப்பந்தத்துல இருந்த ஷரத்து ஒரு நாட்டை இழுத்துட்டுப் போனதை விட, இருக்கற ஒரே கூட்டாளியும் நம்மளை விட்டுப் போயிடுவானோங்கற பயம் இழுத்துட்டுப் போனதுதான் ஜாஸ்தின்னு நான் நினைக்கறேன். 1914 ஜூன் 28ல இருந்து ஆகஸ்ட் 4 வரைக்கும் உள்ள அந்த 37 நாளை எடுத்துப் பாத்தா இது நல்லாவே தெரியும்.

பேப்பர்ல என்ன இருந்துச்சு

1879ல ஜெர்மன் சான்சலர் (பிரதமர் மாதிரி பதவி) பிஸ்மார்க் ஆஸ்திரியா-ஹங்கேரியோட ஒரு உடன்படிக்கை போட்டார். ரஷ்யா ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தாக்கினா மத்தவர் முழுப் படையோட வரணும், வேற நாடு தாக்கினா நடுநிலையா இருந்தா போதும், அவ்ளோதான். ஆஸ்திரியா தானா போய் பால்கன்ல, அதாவது செர்பியா இருக்கற தென்கிழக்கு ஐரோப்பால, ஒரு சண்டையை ஆரம்பிச்சா ஜெர்மனி வரணும்னு அதுல ஒரு வரி கூட இல்ல. பிஸ்மார்க்குக்கு அது வேணும்னே அப்படி இருக்கணும், அவருக்கு இந்த ஒப்பந்தம் ஆஸ்திரியாவைப் பிடிச்சு வைக்கறதுக்குத்தான். 1882ல இத்தாலி சேந்துச்சு, 1883ல ருமேனியா ரகசியமா சேந்துச்சு, எவ்ளோ ரகசியம்னா மன்னர் கரோலுக்கும் ஒரு சில மந்திரிங்களுக்கும் தவிர அந்த நாட்டுப் பார்லிமென்ட்டுக்கே தெரியாது. அதோட நிக்காம 1887ல ரஷ்யாவோடயும் தனியா ஒரு ரகசிய ஒப்பந்தம் பண்ணி வச்சார் பிஸ்மார்க், பிரான்ஸும் ரஷ்யாவும் சேந்துடக் கூடாதுங்கறதுதான் அவரோட கவலை. 1890ல அவரைப் பதவில இருந்து அனுப்பினதும் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம விட்டாங்க. ரெண்டே வருஷம், 1892ல பிரான்ஸும் ரஷ்யாவும் ராணுவ உடன்பாட்டுக்கு வந்தாச்சு, 1894 ஜனவரிக்குள்ள அது உறுதியும் ஆயிடுச்சு.

இந்த பிரான்ஸ்-ரஷ்யா பேப்பரைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். மத்த ஒப்பந்தங்கள் எல்லாம் யாராவது தாக்கினா உதவி பண்ணுவோம்ங்கற மாதிரி இருக்கும், இது முழுக்க ராணுவக்காரங்க எழுதினது. ஜெர்மனிக்கு எதிரா பிரான்ஸ் 13 லட்சம் பேரை இறக்கணும், ரஷ்யா 7ல இருந்து 8 லட்சம் பேரை இறக்கணும், ஜெர்மனி ஒரே நேரத்துல கிழக்கயும் மேற்கயும் சண்டை போடற மாதிரி சீக்கிரமா இறக்கணும்னு எண்ணிக்கையோட இருக்கு. அதை விட முக்கியம் ரெண்டாவது ஷரத்து, எதிர்க் கூட்டணில உள்ள ஏதாவது ஒரு நாடு படை திரட்ட ஆரம்பிச்சாலே, இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்காம உடனே படை திரட்டணும். போர் ஆரம்பிச்சா இல்ல, படை திரட்டினாலே. பின்னாடி ரஷ்யா எல்லைப் பக்கம் ரயில் பாதை போடறதுக்கு பிரான்ஸ் கோடிக்கணக்குல கடன் கொடுத்ததும் இதுக்காகத்தான், படை சீக்கிரம் வந்து சேரணும்.

பிரிட்டன் விஷயம் வேற. 1904ல பிரான்ஸோட எகிப்து, மொராக்கோ பத்தி ஒரு சமரசம், 1907ல ரஷ்யாவோட பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் பத்தி ஒரு சமரசம், ரெண்டும் காலனி எல்லைத் தகராறைத் தீத்துக்கிட்டது மட்டும்தான். ஆனா ராணுவ அதிகாரிங்க தனியா உக்காந்து பேசிட்டே இருந்தாங்க, 1912ல கடற்படை விஷயத்துல ஒரு ஏற்பாடு, பிரெஞ்சு கப்பல் படை பெரும்பாலும் மத்தியதரைக் கடலுக்குப் போயிடும், வடக்கு கரையை பிரிட்டிஷ் கப்பல்கள் இருக்கற தைரியத்துல விட்டுடும். அந்த நவம்பர்ல வெளியுறவு மந்திரி எட்வர்ட் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் பால் காம்போனும் லெட்டர் மாத்திக்கிட்டாங்க, இதனால போருக்கு வரணும்னு யாருக்கும் கட்டாயம் இல்லன்னு அதுலயே எழுதியிருக்கு. ஆனா பிரான்ஸ் தன்னோட வடக்கு கரையைத் திறந்து போட்டாச்சு. எழுத்துல கட்டாயம் இல்ல, நிலைமைல கட்டாயம் வந்துடுச்சு.

ஒவ்வொருத்தரும் ஏற்கனவே ஒரு தடவை கைவிட்டவங்க

இந்தப் பகுதியைப் பாடப்புத்தகம் ரொம்ப வேகமா தாண்டிப் போயிடும், எனக்கு இதுதான் கேஸோட முதுகெலும்புன்னு தோணுது.

1908ல ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோட சேத்துக்கிச்சு. செர்பியா கொதிச்சுது, ரஷ்யாவும் கோபப்பட்டுது, ஆனா ஜப்பான்கிட்ட தோத்து சில வருஷம்தான் ஆகியிருந்துச்சு, சண்டை போடற நிலைல இல்ல. பிரான்ஸும் இதுக்காகலாம் நாங்க போருக்கு வர முடியாதுங்கற மாதிரி விலகி நின்னுச்சு. 1909 மார்ச்சுல ஜெர்மனி நேரடியா மிரட்டினதும் ரஷ்யா பின்வாங்குச்சு, செர்பியாவையும் பின்வாங்க வச்சுது. அந்த அவமானத்தை ரஷ்ய அரசாங்கம் மறக்கவே இல்ல, இன்னொரு தடவை செர்பியாவை விட்டுக் கொடுத்தா பால்கன்ல நம்மளை எவனும் மதிக்க மாட்டான்ங்கறது அவங்க மனசுல ஆழமா பதிஞ்சு போச்சு.

1911ல மொராக்கோ பிரச்சனை, அகடீர் துறைமுகத்துக்கு ஜெர்மனி ஒரு போர்க்கப்பலை அனுப்புச்சு. இப்போ பிரான்ஸுக்கு ஆதரவு வேணும், ரஷ்யா பட்டும் படாமலும் இருந்துச்சு, 1909க்கு பதிலடி மாதிரியே. 1912-13 பால்கன் போர்ல ஆஸ்திரியா உள்ள இறங்கணும்னு துடிச்சுது, ஜெர்மனி வேணாம்னு பிடிச்சு வச்சுது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னால அதுவும் மனசுல நின்னுச்சு, பெர்லின் நம்ம பக்கம் உண்மையிலேயே இருக்கா இல்லையான்னு பேச ஆரம்பிச்சாங்க. 1913 அக்டோபர்ல அல்பேனியா விஷயத்துல ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கெடு விதிச்சப்போ ஜெர்மனி ஆதரிச்சுது, செர்பியா உடனே படையை வாபஸ் வாங்குச்சு. மிரட்டினா வேலைக்காகும்னு வியன்னா அதுல கத்துக்கிச்சு.

அதாவது 1914 வரும்போது பெரிய நாடுங்க ஒவ்வொண்ணும் தன்னோட கூட்டாளியை ஒரு தடவையாவது ஏமாத்தியிருந்துச்சு, இல்லன்னா ஏமாந்திருந்துச்சு. இன்னொரு தடவை ஏமாத்தினா அவன் போயிடுவான், அப்புறம் நம்ம தனியா நிக்கணும். பிரான்ஸ் இல்லாம ரஷ்யாவால ஜெர்மனியைச் சமாளிக்க முடியாது, ரஷ்யா இல்லாம பிரான்ஸால முடியாது, ஜெர்மனிக்கு உருப்படியான கூட்டாளின்னு ஆஸ்திரியா ஒண்ணுதான் மிச்சம். கூட்டணி வலுவா இருந்ததால போர் வந்துச்சுன்னு சொல்றதை விட, உடைஞ்சுடுமோன்னு எல்லாரும் பயந்துக்கிட்டே இருந்ததால வந்துச்சுன்னு சொன்னாதான் இந்தத் தேதிகள் எல்லாம் பொருந்துது.

கொலைக்கும் கெடுவுக்கும் நடுவுல ஒரு மாசம்

ஜூன் 28, ஞாயித்துக்கிழமை, ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோஃபியும் போஸ்னியாவோட சராயேவோல கொல்லப்பட்டாங்க. சுட்டது கவ்ரிலோ பிரின்சிப், 19 வயசு. துப்பாக்கியும் பயிற்சியும் வந்தது செர்பிய ராணுவ உளவுத் துறைல இருந்த ஆளுங்க வழியா. இதுல பெரிய சோகம், செர்பியாவோட போர் வேணாம்னு வியன்னால அழுத்தமா சொல்லிட்டிருந்தவர்ல இந்த இளவரசரும் ஒருத்தர்.

ஆஸ்திரியா உடனே ஒரு வாரத்துக்குள்ள அடிச்சிருந்தா ஐரோப்பா அனுதாபத்தோட ஒதுங்கியிருக்கலாம்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அதுல உண்மை இருக்கும்னு தோணுது. ஆனா பண்ணல, ஏன்னா முதல்ல பெர்லின்கிட்ட கேக்கணும். ஜூலை 5ஆம் தேதி கவுன்ட் ஹோயோஸ்ங்கற அதிகாரி ஆஸ்திரியப் பேரரசரோட கடிதத்தோட பெர்லின் போனார், ஆஸ்திரியத் தூதர் அதை பாட்ஸ்டாம் அரண்மனைல மதிய சாப்பாட்டுக்குப் போய் ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம்கிட்ட கொடுத்தார். கெய்சர் முதல்ல சான்சலரைக் கேக்காம சொல்ல முடியாதுன்னார், சாப்பாடு முடிஞ்சதும் ஜெர்மனியோட முழு ஆதரவு உண்டு, ரஷ்யாவோட போர் வந்தாலும் கூட நிப்போம், ஆனா தள்ளிப் போடாதீங்கன்னு சொல்லிட்டார். மறுநாள் சான்சலர் பெத்மான் ஹோல்வெக் அதை உறுதி பண்ணார். கெய்சர் அன்னிக்கே நார்வே பக்கம் கப்பல் பயணம் கிளம்பிட்டார். வரலாற்றுல தொகை எழுதாத செக்குன்னு சொல்றாங்களே அது இதுதான். 1879 ஒப்பந்தத்துல இப்படி ஒரு கடமையே இல்ல, ஒப்பந்தம் கேட்டதை விட பல மடங்கு அதிகமா ஜெர்மனி தானா முன்வந்து கொடுத்துச்சு. போன வருஷம் பிடிச்சு வச்சோம், இந்த வருஷமும் பிடிச்சு வச்சா ஆஸ்திரியா நம்மளை நம்பாதுங்கற கணக்கு. கூடவே இன்னொரு கணக்கு, ரஷ்யாவோட ராணுவ விரிவாக்கம் 1917ல முடியுது, அப்புறம் ஜெயிக்கவே முடியாது, சண்டை வரணும்னா இப்பவே வரட்டும்னு ஜெர்மன் தளபதிங்க பேசிட்டே இருந்தாங்க.

செக் கைக்கு வந்தும் வியன்னா மெதுவாத்தான் நகந்துச்சு. ஹங்கேரி பிரதமர் டிஸ்ஸா போரை எதிர்த்தார், அவரைச் சம்மதிக்க வைக்க ஜூலை 14 ஆச்சு. சிப்பாய்கள் நிறைய பேர் அறுவடை லீவுல ஊருக்குப் போயிருந்தாங்க, அவங்களைப் பாதில கூப்பிட்டா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும். பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரேயும் பிரதமர் விவியானியும் ஜூலை 20ல இருந்து 23 வரைக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ரஷ்யப் பேரரசர் ஜார் கூட இருக்காங்க, அவங்க ஒண்ணா உக்காந்திருக்கும்போது கெடு போச்சுன்னா அங்கயே பேசி முடிவெடுத்துடுவாங்க. அதனால அவங்க கப்பல் ஏறினதுக்கப்புறம் கொடுக்கற மாதிரி நேரம் பாத்தாங்க, அஞ்சு மணின்னு இருந்ததை ஆறு மணிக்கு மாத்தினாங்க.

ஜூலை 23 சாயங்காலம் ஆறு மணி, செர்பியத் தலைநகர் பெல்கிரேடு. ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல் பேப்பரோட வர்றார், பிரதமர் பாஷிச் ஊர்ல இல்ல, தேர்தல் பிரச்சாரத்துக்குத் தெற்கே போயிருக்கார். நிதி மந்திரி லாசர் பாச்சூதான் இருக்கார். பத்து கோரிக்கை, 48 மணி நேரம். மந்திரிங்க எல்லாம் வெளியூர்ல இருக்காங்க, இவ்ளோ சீக்கிரம் கூட முடியாதுன்னு பாச்சூ சொல்ல, ரயிலும் தந்தியும் இருக்கற காலத்துல, இந்தச் சின்ன நாட்டுல கூடறதுக்கு சில மணி நேரம் போதும்னு கீஸ்ல் பதில் சொல்லிட்டுப் போயிட்டார். ஜூலை 25 கடைசி நிமிஷம் வரைக்கும் செர்பிய அமைச்சரவை பதிலைத் திருத்திட்டே இருந்துச்சு, அடிச்சு, எழுதி, திரும்ப அடிச்சு. ஆறு மணிக்கு சில நிமிஷம் முன்னாடி பாஷிச் தானே எடுத்துட்டுப் போய் கொடுத்தார். பெரும்பாலானதை ஏத்துக்கிட்டாங்க, சிலதுக்கு நிபந்தனை வச்சாங்க, ஆஸ்திரிய அதிகாரிங்க செர்பிய மண்ணுல நடக்கற விசாரணைல கலந்துக்கறதை மட்டும் நேரடியா மறுத்தாங்க. கீஸ்ல் அதை ஒரு பார்வை பாத்தார், ஏற்கனவே பெட்டி கட்டி ரெடியா இருந்தவர், ஆறரை மணி ரயில்ல கிளம்பிட்டார். பதில் என்னவா இருந்தாலும் கிளம்பறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கெடுவே கொடுத்திருந்தாங்க.

ஊர் திரும்பியிருந்த கெய்சர் மூணு நாள் கழிச்சு அந்தப் பதிலை முழுசா படிச்சுட்டு, இனிமே போருக்குக் காரணமே இல்ல, பெல்கிரேடை மட்டும் பிணையாப் பிடிச்சு வச்சுட்டுப் பேசலாம்னு எழுதினார். அன்னிக்குத்தான், ஜூலை 28, ஆஸ்திரியா தந்தி மூலமா செர்பியா மேல போர் அறிவிச்சுது. கெய்சர் சொன்னதை பெத்மான் ராத்திரிதான் வியன்னாவுக்கு அனுப்பினார், அதுவும் மழுப்பலா. 30ஆம் தேதி வாக்குல பெத்மான் வியன்னாவைப் பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லி நெருக்கறார், அதே நேரத்துல ஜெர்மன் தளபதி மோல்ட்கே ஆஸ்திரியத் தளபதிக்கு உடனே ரஷ்யாவுக்கு எதிரா படை திரட்டுன்னு தந்தி அடிக்கறார். பெர்லின்ல யார் ஆட்சி பண்றதுன்னு ஆஸ்திரிய வெளியுறவு மந்திரி பெர்ச்டோல்ட் கேட்டாராம், கேக்க வேண்டிய கேள்விதான்.

ரயில் டைம்டேபிள் எடுத்த முடிவு

ரஷ்யா பக்கம். செர்பியாவுக்காக ஆஸ்திரியாவை மட்டும் மிரட்டலாம், அதுக்கு ஆஸ்திரிய எல்லைப் பக்கம் மட்டும் படை திரட்டலாம்னு வெளியுறவு மந்திரி சசோனோவ் நினைச்சார். ராணுவ அதிகாரிங்க அப்படி ஒரு பிளானே இல்ல, பாதி திரட்டினா ரயில் எல்லாம் குழம்பிப் போகும், அப்புறம் ஜெர்மனி வந்தா முழுசா திரட்டவே முடியாதுன்னாங்க. பிரான்ஸுக்குக் கொடுத்த வாக்கும் இருக்கு, ஜெர்மனியைச் சீக்கிரமா தாக்கணும்னு. ஜூலை 29 ஜார் முழுத் திரட்டல் ஆணைல கையெழுத்து போட்டார், அன்னிக்கு ராத்திரியே கெய்சர்கிட்ட இருந்து ஒரு தந்தி வரவும் அதை நிறுத்தச் சொன்னார். மறுநாள் மதியம் சசோனோவ் போய் ஒரு மணி நேரம் பேசி திரும்ப சம்மதம் வாங்கி, தலைமைத் தளபதிக்கு போன் பண்ணி, இனிமே போனை உடைச்சுப் போட்டுடுங்கன்னார், அதாவது ஜார் மறுபடியும் மனசு மாறி கூப்பிட்டா கிடைக்கக் கூடாது.

ரஷ்யா முழுசா திரட்டுதுன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் ஜெர்மனிக்கு நேரம் ஓட ஆரம்பிச்சுடுச்சு, ஏன்னா ஜெர்மனி கிட்ட இருந்தது ஒரே ஒரு பிளான். ரஷ்யா மெதுவா திரட்டும், அதுக்குள்ள ஆறு வாரத்துல பிரான்ஸை முடிச்சுட்டு அப்புறம் கிழக்கே திரும்பணும். பிரான்ஸை முடிக்கணும்னா பெல்ஜியம் வழியா போகணும், அதுக்கு லியேஜ் கோட்டையை ஆரம்ப நாட்கள்லயே பிடிக்கணும். கிழக்கே மட்டும் சண்டை போடற மாற்று பிளானை 1913ல இருந்து தயார் பண்றதையே விட்டுட்டாங்க. கவனிங்க, பிரான்ஸ்-ரஷ்யா கூட்டணி இருக்குங்கற ஒரே காரணத்தால ஜெர்மனி பிளான் இப்படி ஆச்சு, அந்த பிளான் இப்படி இருக்கறதால பால்கன்ல நடக்கற எந்தச் சண்டையும் பெல்ஜியத்துல போய்தான் முடியும்.

ஆகஸ்ட் 1 சாயங்காலம் பெர்லின் அரண்மனைல நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அஞ்சு மணி வாக்குல கெய்சர் திரட்டல் ஆணைல கையெழுத்து போட்டாச்சு. கொஞ்ச நேரத்துல லண்டன்ல இருந்து தூதர் லிக்னோவ்ஸ்கியோட தந்தி, பிரான்ஸைத் தாக்காம இருந்தா பிரிட்டன் நடுநிலையா இருக்கும், பிரான்ஸையும் இருக்க வைக்கும்னு கிரே சொல்றாராம். கெய்சருக்கு ஒரே சந்தோஷம், அப்போ மொத்தப் படையையும் கிழக்கே திருப்புங்கன்னு மோல்ட்கேகிட்ட சொல்றார். மோல்ட்கே முடியாதுங்கறார். லட்சக்கணக்கான ஆளுங்களை இப்படி ஒரே நாள்ல திருப்ப முடியாது, வருஷக்கணக்கா உக்காந்து போட்ட ஏற்பாடு இது, மீறித் திருப்பினா உங்களுக்குக் கிடைக்கறது படையா இருக்காது, சாப்பாடு கூட இல்லாத ஆயுதம் பிடிச்ச கும்பலாதான் இருக்கும்னு சொல்றார். உங்க பெரியப்பாவா இருந்தா வேற பதில் சொல்லியிருப்பார்னு கெய்சர் சொன்னார், 1870ல பிரான்ஸை ஜெயிச்ச மூத்த மோல்ட்கே இவரோட பெரியப்பா. அந்த வார்த்தை தன்னை ரொம்ப காயப்படுத்திச்சுன்னு மோல்ட்கே பின்னாடி எழுதியிருக்கார். லக்சம்பர்குக்குள்ள போக வேண்டிய 16வது டிவிஷனை நிறுத்தச் சொல்லி கெய்சர் ஆணை போட்டார், அதுக்குள்ள ஒரு சின்னப் படை எல்லை தாண்டி ஒரு ரயில்வே ஸ்டேஷனைப் பிடிச்சுட்டு, அப்புறம் தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லி திரும்பி வந்துச்சு. ராத்திரி பதினோரு மணி வாக்குல லண்டன்ல இருந்து விளக்கம் வந்துச்சு, அப்படி ஒரு ஆஃபரே இல்ல, ஏதோ புரிதல் தப்புன்னு. தூங்கப் போயிருந்த கெய்சர் மோல்ட்கேயைக் கூப்பிட்டு, இனி உங்க இஷ்டம்னு சொல்லிட்டார்.

கிழக்கே திருப்பியிருக்க முடியும்னு ஜெர்மன் ரயில்வே பிரிவு அதிகாரிங்களே போருக்கு அப்புறம் சொன்னாங்க. முடியுமா முடியாதாங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், மேற்கே போகற ரயில்கள் கொலோன் பாலத்து மேல பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு ஆகஸ்ட் 2ல இருந்து ஓட ஆரம்பிச்சாச்சு. ரஷ்யாவோட தகராறுக்காகக் கிளம்பின படை, இன்னும் எந்தத் தகராறும் பண்ணாத பிரான்ஸ் பக்கம் போகுது.

பிரிட்டன், பெல்ஜியம், ஒதுங்கினவங்க

பிரான்ஸ் தன் படையை எல்லைல இருந்து 10 கிலோமீட்டர் பின்னாடி இழுத்து வச்சுது, முதல்ல தாக்கினது நாங்க இல்லன்னு பிரிட்டனுக்குக் காட்டணும். பிரிட்டன் வருமா வராதான்னு பாரீஸ்ல யாருக்கும் தெரியாது, பெர்லின்ல தெரியாது, உண்மையைச் சொன்னா லண்டன்லயே தெரியாது. அமைச்சரவைல பாதிக்கு மேல போர் வேணாம்னாங்க. காம்போன் ஆங்கில அகராதில மானம்ங்கற வார்த்தையை எடுத்துட்டாங்களான்னு கேட்டார். 1912 லெட்டர் விஷயமே பிரிட்டிஷ் பார்லிமென்ட்டுக்கு ஆகஸ்ட் 3ஆம் தேதி கிரே பேசினப்போதான் முறையா தெரிஞ்சுது, போர் வாசல்ல வந்து நிக்கும்போது. கிரே முன்னாடியே தெளிவா வருவோம்னு சொல்லியிருந்தா ஜெர்மனி தயங்கியிருக்கும், வர மாட்டோம்னு சொல்லியிருந்தா பிரான்ஸும் ரஷ்யாவும் தயங்கியிருக்கும்னு ஒரு வாதம் உண்டு, கட்டாயம் இல்லாத நட்பு எல்லா பக்கத்துக்கும் தப்பான நம்பிக்கை கொடுத்துடுச்சுங்கறதை நான் ஏத்துக்கறேன், ஆனா கிரேக்கு அப்படிச் சொல்ற அதிகாரத்தை அமைச்சரவை கொடுத்திருக்காதுங்கறதும் உண்மை.

முடிவா பிரிட்டனைக் கொண்டு வந்தது பெல்ஜியம். ஆகஸ்ட் 2 சாயங்காலம் ஜெர்மனி பெல்ஜியத்துக்கு 12 மணி நேரக் கெடு கொடுத்துச்சு, வழி விடு இல்லன்னா எதிரி. மன்னர் ஆல்பர்ட் மறுத்தார், 4ஆம் தேதி ஜெர்மன் படை உள்ள போச்சு. பெல்ஜியத்தோட நடுநிலைக்கு 1839ல உத்தரவாதம் கொடுத்து கையெழுத்து போட்ட நாடுகள்ல பிரிட்டனும் உண்டு, பின்னாடி ஜெர்மனியோட மையமான பிரஷ்யாவும் உண்டு. ஒரு காகிதத் துண்டுக்காகவா போருக்கு வர்றீங்கன்னு பெத்மான் பிரிட்டிஷ் தூதர்கிட்ட கேட்டது இந்தக் காகிதத்தைத்தான். அன்னிக்கு ராத்திரி லண்டன் நேரம் 11 மணிக்கு பிரிட்டன் போருக்கு வந்துச்சு, அதோட இந்தியாவும், ஒரு இந்தியனைக் கூடக் கேக்காம. செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரிச்சது பால்கன்ல ஆரம்பிச்ச இந்தச் சங்கிலியோட ஒரு கண்ணிதான், ஹைகோர்ட் மதில்ல அதுக்கு நினைவுக் கல் இன்னும் இருக்கு. பத்து லட்சத்துக்கு மேல இந்தியச் சிப்பாய்ங்க கடல் தாண்டிப் போனாங்க, எழுபதாயிரத்துக்கு மேல திரும்பி வரல.

இத்தாலி என்ன பண்ணுச்சு? ஆகஸ்ட் 3ல நடுநிலைன்னு அறிவிச்சுது. ஆஸ்திரியாதான் முதல்ல தாக்கினது, இது தற்காப்பு ஒப்பந்தம், எங்களைக் கேக்கவும் இல்ல, ஏழாவது ஷரத்துப்படி பால்கன்ல நிலம் எடுத்தா எங்களுக்கு ஈடு கொடுக்கணும், அதையும் பேசலன்னு காரணம் சொல்லுச்சு, எல்லாமே ஒப்பந்தப்படி சரியான காரணம். உள்ளுக்குள்ள வேற கணக்கும் இருந்துச்சு, பிரிட்டிஷ் கடற்படையைப் பகைச்சுக்கிட்டா அந்த நீளக் கடற்கரையும் நிலக்கரி இறக்குமதியும் என்ன ஆகறது. அதே நாள் ருமேனியால சினாயா அரண்மனைல கூட்டம், மன்னர் கரோல் ஜெர்மன் ராஜ வம்சம், ஒப்பந்தத்தை மதிக்கணும்னார், கூட்டத்துல கிட்டத்தட்ட யாருமே ஒத்துக்கல, ஒதுங்கிட்டாங்க. 1915 மே மாசம் இத்தாலியும் 1916 ஆகஸ்ட்ல ருமேனியாவும் பழைய கூட்டாளிக்கு எதிராவே போருக்கு வந்தாங்க. விரும்பாத நாட்டை எந்த ஒப்பந்தமும் இழுத்துட்டு வரலங்கறதுக்கு இதை விட சாட்சி வேணுமா. அப்போ ஒப்பந்தத்தைக் காட்டி வேற வழியே இல்லாமப் போச்சுன்னு பின்னாடி சுயசரிதை எழுதின மந்திரிங்களோட வாதத்தை நான் ஏத்துக்க மாட்டேன். வியன்னாவும் பெர்லினும் ஜூலை 5ல இருந்து தெரிஞ்சேதான் அபாயத்துல இறங்கினாங்க, என் பார்வைல பெரிய பங்கு அவங்களோடது, பேச்சுக்கு இன்னும் இடம் இருந்தப்போ முழுத் திரட்டலுக்குப் போன ரஷ்யாவுக்கும், தடுத்து ஒரு வார்த்தை சொல்லாத பிரான்ஸுக்கும் அடுத்த பங்கு.

வெளிய வர வழியையும் மூடினது

போர் எப்படி ஆரம்பிச்சுதுங்கறதோட இந்தக் கேஸை முடிச்சா பாதிதான் சொன்ன மாதிரி. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூணும் முறையா கூட்டணின்னு கையெழுத்து போட்டது போர் ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு அப்புறம், 1914 செப்டம்பர் 5, லண்டன்ல. யாரும் தனியா சமாதானம் பேசக் கூடாதுங்கறதுதான் அதோட சாரம். ஜூலைல இல்லாத கட்டாயம் இப்போ வந்துச்சு, போருக்குள்ள போறதுக்கு இல்ல, வெளிய வராம இருக்கறதுக்கு. 1917ல ஜார் விழுந்ததுக்கு அப்புறம் ரஷ்யால வந்த தற்காலிக அரசாங்கம், சிப்பாய்ங்க சண்டை போதும்னு சொல்லிட்டிருக்கும்போதே, கூட்டாளிங்களுக்குக் கொடுத்த வாக்குன்னு சொல்லி ஜூலைல புதுத் தாக்குதல் நடத்தி நொறுங்கிப் போச்சு. அந்தப் பக்கம் ஆஸ்திரியாவோட புதுப் பேரரசர் கார்ல் அதே வருஷம் மச்சான் சிக்ஸ்டஸ் மூலமா பிரான்ஸோட ரகசியமா பேசிப் பாத்தார், ஜெர்மனியை விட்டு வரவும் முடியல, இத்தாலிக்கு நிலம் கொடுக்கவும் முடியல, 1918ல விஷயம் வெளிய வந்ததும் ஜெர்மனிகிட்ட இன்னும் இறுக்கமா மாட்டிக்கிட்டார்.

இத்தாலிக்கு டைரோல், டிரியெஸ்ட், டால்மேஷியான்னு என்னென்ன நிலம் தரோம்னு 1915ல எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் மாதிரி பல பேப்பர்கள் 1917 நவம்பர் வரைக்கும் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. ஆட்சியைப் பிடிச்ச போல்ஷெவிக்குகள், அதாவது லெனினோட கட்சிக்காரங்க, ரஷ்ய வெளியுறவு அலுவலகத்துல கிடைச்சதை எடுத்து பத்திரிகைல போட ஆரம்பிச்சாங்க, டிசம்பர்ல மான்செஸ்டர் கார்டியன் அதுல சிலதை இங்கிலீஷ்ல அச்சடிச்சுது. மூணு வருஷத்துக்கு மேல சண்டை போட்டுட்டிருந்த சிப்பாய்ங்களோட வீட்டுக்காரங்க, எதுக்காகச் சண்டை நடக்குதுங்கற அந்தக் கணக்கோட ஒரு பகுதியை அப்போதான் முதல் தடவையா படிச்சாங்க.